பொட்டல் செம்மல்களுக்கு ஒரு பாராட்டு விழா

புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் ஒரு விழா எடுக்க வேண்டும். திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை ஓரமாகவே பந்தல் போடலாம். இடத்துக்குப் பஞ்சமில்லை, நிழலுக்குத்தான் பஞ்சம். ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், பொன்னாடை வாங்க வேண்டும், கேடயம் செய்யக் கொடுக்க வேண்டும். எதற்கு என்கிறீர்களா? காரையும் சூரையும் கிளுவையும் ஆவாரையும் விராலியுமாகக் கிடந்த புதர்க்காட்டைப் புல் முளைக்காத பொட்டலாக மாற்றிக் காட்டியவர்களுக்கு இந்த நாடு இதுவரை ஒரு சால்வைகூடப் போர்த்தியதில்லை. சங்கம் வைத்தவரெல்லாம் செம்மல் ஆகிறார். அடிக்கல் நட்டவரெல்லாம் சிற்பி ஆகிறார். அரை நூற்றாண்டாகப் பாடுபட்டு ஒரு நிலத்தையே முடித்து வைத்தவர்கள் மட்டும் பட்டமில்லாமல் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். இது அநியாயம்.

ஊருக்கும் விருது புதிதில்லை. சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாள் பாட்டிக்கு 2022-இல் பத்மஸ்ரீ வந்தது. 2019 ஜனவரி 20 அன்று ஆயிரத்து முன்னூறுக்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்று சான்றிதழும் வாங்கியாயிற்று. முதலமைச்சரே வந்து கொடியசைத்தார். ஆட்டத்துக்கு ஒன்று, காளைக்கு ஒன்று கிடைத்துவிட்டது. அந்தக் காளையின் பாட்டன் பூட்டன் மேய்ந்த காட்டை ஒழித்தவர்களுக்கு ஒன்று வேண்டாமா?

வென்றவனைப் புகழுமுன் தோற்றவனின் வலிமையைச் சொல்வது நம் மரபு. ஆகவே தோற்றவர் யார் என்று முதலில் பார்ப்போம். புதருக்கும் புதருக்கும் நடுவில் சும்மா கிடக்கும் மண்தான் அவர். கோடையில் பார்த்தால் கறுத்த தூசி படிந்திருப்பதாகத் தோன்றும். ஐப்பசி மழை ஒன்று விழட்டும், சில நிமிடங்களில் அதில் பச்சை ஏறும். மிதிபடாத மண்ணில் படரும் இந்த ஏட்டுக்கு உயிர்ப் பொருக்கு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை இழை, கற்பாசி எல்லாம் சேர்ந்து மண் துகள்களைப் பின்னிப் பிடித்திருக்கும். கனம் என்னவோ சில மில்லிமீட்டர்தான். ஆனால் காற்று வந்தால் மண்ணை விடாது, மழை வந்தால் மண்ணைக் கரைய விடாது. காற்றிலிருக்கும் நைட்ரஜனை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும். உலகின் நிலப்பரப்பில் சுமார் 12 விழுக்காட்டை இந்தச் சிற்றுயிர்க் கூட்டம் மூடிக் காக்கிறது. சம்பளம் இல்லை, பஞ்சப்படி இல்லை, பழைய ஓய்வூதியத் திட்டம் கேட்டு மறியலும் இல்லை. அரசாங்கம் இதை மதிக்காமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தேசியப் பூங்காக்களில், பாதையை விட்டு இறங்கி இந்தப் பொருக்கின்மேல் கால் வைக்காதீர்கள் என்று பலகை நட்டிருக்கிறார்கள். நம் ஊரிலும் அதே இடத்தில் பலகை உண்டு: "மனைகள் விற்பனைக்கு. சுலபத் தவணை."

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நீலப்பச்சைப் பாசியை வயலுக்குப் போடும் உயிர் உரம் என்று நம் வேளாண்துறையே பொட்டலம் கட்டி நெல் விவசாயிக்கு விற்கிறது. வயலுக்கு வந்தால் அது இடுபொருள். அதன் உறவுக்காரன் புதர்க்காட்டில் தானாக வளர்ந்து கிடந்தால் அது அழுக்கு. ஒரே அரசாங்கம் ஒரு கையால் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதை இன்னொரு கையால் ஜேசிபி வைத்து வழிக்கிறது.

இந்த உயிர்ப் பொருக்கு போன இடத்தில் வேறொரு பொருக்கு வரும். அதுதான் நம் சாதனையாளர்களின் கைவண்ணம். மறைப்பு எதுவும் இல்லாத செம்மண்ணில் பெரிய மழைத்துளி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அறைகிறது. மண் கட்டி உடைந்து மாவாகிறது. அந்த மாவு மண்ணின் கண்களிலெல்லாம் போய் அடைத்துக்கொள்கிறது. செம்மண்ணில் நிறைய இருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஈரத்தில் துகள்களை ஒட்டவைக்கின்றன. மறுநாள் வெயில் காய்ந்ததும் மேல்மண் அப்பளமாக விறைத்துக்கொள்கிறது. அதற்கப்புறம் பெய்யும் மழை உள்ளே இறங்காது, விழுந்த வேகத்தில் ஓடிவிடும். விதை முளைத்தாலும் முட்டி மேலே வராது. உயிருள்ள பொருக்கு மண்ணைக் காக்கும், செத்த பொருக்கு மண்ணை அடைக்கும். முன்னதை உடைத்துப் பின்னதை உண்டாக்குவது தனி ஒருவரால் ஆகிற காரியமில்லை. துறைவாரியாக ஒத்துழைத்தால்தான் முடியும். ஆகவே விருதும் துறைவாரியாகவே.

முதல் பொன்னாடை வருவாய்த்துறைக்கு. ஒரு மண்வெட்டிகூட எடுக்காமல், பேனாவாலேயே காட்டைப் பொட்டலாக்கிய பெருமை இவர்களுக்குத்தான். தீர்வை வசூலிக்க வந்தவர்கள் எழுதி வைத்த கணக்கில், தீர்வை வராத நிலமெல்லாம் தரிசு. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு இணைந்தது. கணக்குப் புத்தி மட்டும் ராஜா காலத்திலேயே நின்றுவிட்டது. கிளுவையில் கரிச்சான் கூடு கட்டும், அடியில் கௌதாரி ஓடும், கீரி குடியிருக்கும், கிடை ஆடு மேயும், ஊர் மருத்துவத்துக்கு ஆவாரையும் துத்தியும் அங்கிருந்துதான் வரும். கணக்கில் அங்கே ஒன்றும் கிடையாது. 2000-இல் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பு புதர் நிலத்தைத் தரிசில் சேர்த்தது; பின்னால் வந்த பதிப்புகள் "புதர் அடர்ந்த நிலம்" என்பதையே தரிசின் ஒரு வகையாக வைத்திருக்கின்றன. புதர் அடர்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள், பிறகு அது எப்படி ஐயா வீண் நிலம் ஆகும்?

ஆனால் அரசுக்குக் கண்ணே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2022 அக்டோபரில் பக்கத்துக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம். நல்ல காரியம், கைதட்டியே ஆக வேண்டும். அங்கே இருப்பதும் முட்புதர்க் காடுகள்தான். தேவாங்கு கண்ணை உருட்டிப் பார்த்தால் அது சரணாலயம். பார்க்க ஆளில்லாவிட்டால் தரிசு. மண்ணின் மேலே படரும் பாசிக்குப் பாவம், உருட்டிப் பார்க்கக் கண்ணில்லை.

இரண்டாவது பொன்னாடை டெல்லிக்கு அனுப்ப வேண்டியது. 2019 செப்டம்பரில் பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. மாநாட்டை கிரேட்டர் நொய்டாவில் கூட்டினோம். 2030-க்குள் 2.1 கோடி ஹெக்டேர் சீர்கெட்ட நிலத்தை மீட்போம் என்றிருந்த வாக்குறுதியை 2.6 கோடி ஹெக்டேராகப் பிரதமர் உயர்த்தினார். கைதட்டல் ஓய்ந்ததும் இஸ்ரோ தன் செயற்கைக்கோள் கணக்கைப் போட்டது. 2003–05இல் 9.45 கோடி ஹெக்டேராக இருந்த சீர்கெட்ட நிலம் 2018–19இல் 9.78 கோடி ஹெக்டேருக்கு மேல் போயிருந்தது. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு. மீட்கப் போகும் நிலத்தின் இலக்கும் ஏறுகிறது, மீட்க வேண்டிய நிலத்தின் அளவும் ஏறுகிறது. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வளர்வதைத்தான் வளர்ச்சி என்கிறார்கள் போலிருக்கிறது.

இனி விழாவின் நாயகர். வாழ்நாள் சாதனையாளர் விருது, கேடயம், ஆளுயர மாலை எல்லாம் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்துக்கு. 1974 பொங்கலன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அதே ஆண்டில்தான் இந்தக் கழகமும் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. மாவட்டமும் கழகமும் ஒட்டிப் பிறந்தவை, ஆகவே ஒன்றையொன்று விட்டுப் பிரிவதே இல்லை. வனத்துறை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, முட்புதர்க் காட்டை வழித்து எறிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை பிடித்துத் தைலமரம் நட்டார்கள். அதற்குப் பெயர் வனம் வளர்ப்பு. காட்டை அழித்ததற்குக் காடு வளர்ப்புக் கணக்கில் வரவு வைக்கும் இந்த வித்தை வங்கியில் நடந்திருந்தால் சிபிஐ வந்திருக்கும்.

வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். வளர்ந்த மரத்தை ஒட்ட வெட்டி லாரியில் ஏற்றுவார்கள். சில சுற்று முடிந்ததும் கட்டையையும் பெயர்த்தெடுத்து, இயந்திரத்தை விட்டு ஆழ உழுவார்கள். வெறும் மண் திறந்து கிடக்கும். அதன்மேல் வடகிழக்குப் பருவமழை இறங்கும். அப்புறம் என்ன ஆகும் என்று மேலே சொன்னேனே, அது ஆகும். உயிர்ப் பொருக்கின் பாசி இழை திரும்பி வரவே சில ஆண்டுகள் வேண்டும். கற்பாசி நிலைபெறப் பத்தாண்டுக் கணக்கில் பொறுக்க வேண்டும். அது தலைதூக்கும் நேரத்துக்கு அடுத்த வெட்டு வந்துவிடும். தைலமரத்தின் எண்ணெய்ச் சருகு சீக்கிரம் மக்குவதும் இல்லை, அடியில் வேறு செடி செழிப்பதும் இல்லை. மரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆஸ்திரேலியாவில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. புதுக்கோட்டைக்கு வருகிறேன் என்று அது மனு போடவில்லை.

உழுததோடு விட்டார்களா? தோப்புக்குள் விழும் மழை தோப்புக்கே என்று வரப்பும் அகழியும் வெட்டினார்கள். இங்கேதான் ஊர்க்காரன் வயிற்றில் அடி விழுந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாயும் குளமும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை காவிரி மாதிரி ஓர் ஆறு ஓடி நிரப்புகிற கண்மாய்கள் இல்லை. மேட்டுக்காட்டில் விழுந்த மழை வரத்துவாரி வழியாக இறங்கி நிரப்ப வேண்டும். நம் முன்னோர் கண்மாய் வெட்டும்போது மேட்டில் புதர்க்காட்டை விட்டு வைத்தது மறதியால் அல்ல. பொருக்கு மூடிய அந்த மேடுதான் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் கீழே அனுப்பியது. கழகத்தார் அதைத் தலைகீழாக்கினார்கள். அகழி இருக்கும் இடத்தில் தண்ணீர் வருவதில்லை. உழுது போட்ட இடத்தில் தண்ணீரோடு மண்ணும் வந்து கண்மாயில் உட்காருகிறது. கண்மாய் மேடானால் பயப்படத் தேவையில்லை, 2017-இல் புத்துயிர் கொடுத்த குடிமராமத்து இருந்தது, தூர்வார டெண்டர் இருக்கிறது. மேட்டில் மண்ணைக் கிளற ஒரு பில், பள்ளத்தில் அதே மண்ணை அள்ள ஒரு பில். மண் ஒன்றுதான், பில் இரண்டு.

கலெக்டர் ஆபீஸில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தைலமரத்தை அகற்றுங்கள் என்ற மனு வராத வருஷம் உண்டா? மனு கொடுத்தவர்களின் தலை நரைத்துவிட்டது. சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் வந்து கொடுக்கிறார்கள். கர்நாடகம் 2017-இல் தைலமரம் நடத் தடை போட்டது. தண்ணீருக்காகக் கர்நாடகத்தோடு உச்ச நீதிமன்றம் வரை சண்டை போடும் நாம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்வதில்லை என்று கௌரவமாக இருந்துவிட்டோம்.

மரம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். காகிதக் கூழுக்குத்தான். விராலிமலைக்குப் பக்கத்தில், மணப்பாறை மொண்டிப்பட்டியில் அரசின் டிஎன்பிஎல் காகித நிறுவனம் 2016-இலிருந்து அட்டை தயாரிக்கிறது. அதில் வேலை செய்கிறவர்கள் உழைத்துச் சாப்பிடுகிறார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கண்மாய் வறண்டதற்கான ஆய்வறிக்கை, தரிசு நில மேம்பாட்டுத் திட்ட அறிக்கை, குறைதீர் கூட்டத்து மனுமேல் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதித் திருப்பி அனுப்பும் கடிதம் எல்லாம் எந்தக் காட்டின் மரத்தில் அச்சாகின்றன?

இத்தனைக்கும் நடுவில் குற்றவாளி ஒருவர் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறார். ஆடுதான் அது. காடு கெட்டதற்குக் காரணம் மேய்ச்சல் என்று பாடப்புத்தகத்திலிருந்து பயிற்சிப் பட்டறை வரை சொல்லிக்கொடுக்கிறார்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு வனம் முழுவதிலும் மாடு மேய்க்கவே தடை விதித்து, கூச்சல் எழுந்த பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டது. ஒரே இடத்தில் அளவுக்கு மீறி மேய்த்தால் குளம்பு பட்டுப் பொருக்கு உடையும், அது உண்மை. அதனால்தான் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் ஓரிடத்தில் தங்குவதில்லை. கிடையை நகர்த்திக்கொண்டே போவார்கள், போகிற இடத்தில் எருவையும் போட்டுவிட்டுப் போவார்கள். நாலு குளம்பு நாற்பது கிலோ ஆட்டுக்கு அபராதம். பல டன் எடையுள்ள இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. ஆட்டுக்கும் ஒரு கான்ட்ராக்டர் இருந்திருந்தால் இந்தக் கேவலம் வந்திருக்காது.

அடுத்த கேடயம் வேளாண்துறைக்கு. இவர்களுக்கு நோயும் தெரியும், மருந்தும் தெரியும், நோயாளியைத்தான் தெரியாது. செம்மண்ணின் மேல் இறுக்கத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ பரிகாரம் எழுதி வைத்துவிட்டது. ஹெக்டேருக்கு 2 டன் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம், 10 டன் தொழு உரம் அல்லது 12.5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவு போட வேண்டும். பருமனான விதையாகப் பார்த்து ஊன்ற வேண்டும், சிறு விதையானால் குழிக்கு ஒன்றிரண்டு கூடுதலாக. காராமணி மாதிரி தாங்குகிற பயிரை வைக்க வேண்டும். சொன்னது அத்தனையும் சரி. அதே பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இதே மாவட்டத்தில் வம்பனில் இருக்கிறது. குடுமியான்மலையில் வேளாண் கல்லூரியும் இருக்கிறது. மருந்துக் கடை வாசலிலேயே இருந்து என்ன செய்ய? விராலிமலை, இலுப்பூர்ப் பக்கம் மானாவாரிக்காரர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள்: "வெதச்சோம், மழையும் பேஞ்சுச்சு, மறுநா வெயிலு காஞ்சுச்சு, பொருக்குத் தட்டிருச்சு. எள்ளு மொளைக்கலை. கடலைக்கு விழுது எறங்கலை. மாடே இல்லாத வீட்டுல பத்து டன்னு எருவுக்கு நான் எங்க போவேன்?"

அவர் கேட்ட கேள்விக்கு அரசின் பதில் 2021-இல் வந்தது. முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், 11.75 லட்சம் ஹெக்டேரைக் கூடுதலாகச் சாகுபடிக்குக் கொண்டுவருவோம் என்று இலக்கு வைத்தார்கள். எப்படி? புதரை அகற்றிச் சமன் செய்து உழுது கொடுப்போம். உழவனிடம் இருக்கும் நிலம் பொருக்குத் தட்டி முளைக்கவில்லை என்றால், பொருக்குத் தட்டாத நிலத்தையும் உழுதுவிடலாம் என்பது கணக்கு. அதற்கு முன்பே சீமைக் கருவேல ஒழிப்பு வேறு வந்திருந்தது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டதும் ஊர் ஊராக இயந்திரம் இறங்கியது. சீமைக் கருவேலம் போக வேண்டிய கழுதைதான். ஆனால் வேரோடு பிடுங்கிய இடத்தில் அடுத்து என்ன வளரும் என்று கேட்கத்தான் யாரும் இல்லை. மூடாமல் விட்ட குழியில் மீண்டும் முதலில் முளைத்தது அந்தச் சீமைக் கருவேலமே. அடுத்த டெண்டருக்கு அது தயார்.

நமக்கும் ஒரு சால்வை உண்டு, கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வோம். வீட்டு மனைக்குக் கிராவல் வேண்டும் என்று கேட்டது யார்? "எங்கே அள்ளினது?" என்று லாரிக்காரரிடம் கேட்காமல் இருந்தது யார்? வாடிவாசலுக்கு வளர்க்கும் காளைக்குப் பேரீச்சம்பழமும் பருத்திக்கொட்டையும் ஊட்டி, அது காலாற மேய ஒரு முழம் காடு இல்லையே என்று ஒருநாளும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காராதது யார்? காளைக்காக மெரினாவில் கூடினோம், காளையின் மேய்ச்சலுக்காகப் பேருந்து நிறுத்தத்தில்கூட நாலு பேர் கூடவில்லை. மலைமேல் இருக்கும் முருகனுக்குச் சுருட்டுப் படைத்துக் கும்பிடுகிறோம். அவருடைய வாகனம் காட்டில் இரையும் மறைவும் இல்லாமல் கடலைக் கொல்லையில் இறங்கினால் பட்டாசு வெடித்து விரட்டுகிறோம். மயிலுக்குத் தெரிந்திருக்கிறது காடு போய்விட்டது என்று. முருகன் பக்தருக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை.

கடைசி விருதை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தபோது எனக்குக் கேலி நின்றுவிட்டது. பொருக்கு, பாசி, மேல்மண் என்றெல்லாம் பேசும்போது மேல்மண்ணுக்கு அடியிலிருக்கும் பாறையை விட்டுவிட முடியாது. இந்த மாவட்டத்தில் பாறைதான் பணம். பாறையை எடுக்க முதலில் வழிப்பது அதன்மேல் இருக்கும் மண்ணை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகலாம் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு. குவாரிக் கணக்கில் அதற்குப் பெயர் கழிவு. கிரஷர் தூசி சுற்றுவட்டாரத்துச் செடியின்மேலும் மண்ணின்மேலும் படிந்து இறுகுகிறது.

திருமயம் பக்கத்தில் ஜகபர் அலி என்று ஒருவர் இருந்தார். ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர். அனுமதியில்லாமல் கல் வெட்டுகிறார்கள் என்று மனுமேல் மனு கொடுத்தார். எந்த ஆபீஸில் என்ன கொடுத்தார் என்பதை வெளிப்படையாகப் பேசினார். 2025 ஜனவரி 17 அன்று வெங்களூரில் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது டிப்பர் லாரி மோதிச் செத்துப்போனார். முதலில் விபத்து என்றார்கள். மனைவி கொடுத்த புகாருக்குப் பிறகு அது கொலை வழக்கானது, குவாரி உரிமையாளர்கள் உட்படப் பலர் கைதானார்கள், விசாரணை சிபிசிஐடிக்குப் போனது.

அவர் ஆயுதம் எடுக்கவில்லை. சட்டம் சொன்ன இடத்தில், சட்டம் சொன்ன விதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த மனுவைப் பெற்றுக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதன் மறுபடி மறுபடி வந்து நின்று "கொள்ளை போகிறது" என்று சொல்லும்போது நாற்காலியில் சாய்ந்தபடி "பார்க்கலாம்" என்றவர்கள் இருக்கிறார்கள். லாரியை ஓட்டியவன் யார், ஏவியவர் யார் என்பதை நீதிமன்றம் சொல்லும். "பார்க்கலாம்" என்று சொன்னவர்களை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? மண்ணை ஒழித்ததற்கு யாரும் வெட்கப்படாத நாட்டில், மண்ணுக்காக மனு கொடுத்தவன் செத்தால் மட்டும் வெட்கப்பட்டுவிடுவார்களா?

அதனால் விழாவை ரத்து செய்துவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புதர்க்காட்டைத் தரிசுக் கணக்கிலிருந்து எடுங்கள். தைலமரக் குத்தகை முடிகிற இடத்தில் மறுபடி நடாதீர்கள். வரத்துவாரியை மறித்து வெட்டிய அகழியைத் தூர்த்துவிடுங்கள். பொட்டலாகிப்போன இடத்தில் முள்வெட்டிப் பரப்பி, ஆளும் வண்டியும் போகாமல் சில மழைக்காலம் விட்டுவிடுங்கள். முள்ளின் நிழலில் முதலில் பாசி வரும், பிறகு புல் வரும், ஆவாரை வரும், காரையும் சூரையும் பறவை எச்சத்தில் தானாக வரும். சீனாவில் டெங்கர் பாலைவன ஓரம் ஷாபோடோவில் 1950-களில் ரயில் பாதையை மணல் மூடாமல் காக்க வைக்கோலைக் கட்டம் கட்டமாக மணலில் ஊன்றினார்கள். காற்று அடங்கிய அந்தக் கட்டங்களுக்குள் நாளடைவில் பொருக்கு தானாகப் படிந்தது, செடி பிடித்தது. அங்கே பெய்வது ஆண்டுக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை. புதுக்கோட்டையில் பெய்வது அதைப்போல நாலு மடங்கு. வானம் நம்மை வஞ்சிக்கவில்லை.

ஆனால் சும்மா விடுவது என்பது இங்கே ஒரு திட்டமாக ஆக முடியாது. சும்மா விடுவதற்கு இயந்திரம் வேண்டாம், டீசல் வேண்டாம், கமிஷன் வராது, திறப்பு விழாவுக்கு ரிப்பனும் இல்லை. ஆகவே விராலிமலைக்காரர்களுக்கும் இலுப்பூர், அன்னவாசல், குளத்தூர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த குறைதீர் கூட்டத்துக்குக் கும்பலாகப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். வனத்துறை, வருவாய்த்துறை, கனிமவளத்துறை, வேளாண்துறை எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு எத்தனை ஏக்கரை நீங்கள் தொடாமல் விட்டீர்கள்? பதிவேட்டைப் புரட்டுவார்கள். உழுதது, வெட்டியது, அள்ளியது, சமன்செய்தது எல்லாவற்றுக்கும் கலம் இருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் கலம் இருக்காது. அந்தக் கலத்தைப் பேனாவால் அவர்கள் கோடு போட்டு எழுதும்வரை எழுந்து வராதீர்கள்.